மார்கழி விடியலில் கார் ஸ்ராட் வராவிட்டால்: புதிதாக வாகனம் எடுத்தவர்களுக்கு

திருவெம்பாவைப் பூசைக்கு விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, வீட்டில் எல்லாரும் காருக்குள் ஏறி இருந்த பிறகு திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி. யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை மாதங்களில் கராஜ்காரரின் நித்திரையைக் கெடுப்பது இந்த ‘டிக்’தான்.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்கு வட்சப்பில் சொன்னால், “குளிருக்கு அப்பிடித்தான், இஞ்சையும் இதே கரைச்சல்” என்பார். அவருடைய ஊருக்கு அது சரி. குளிர் கூடக் கூடப் பற்றறிக்குள் நடக்கும் இரசாயனத் தாக்கம் மந்தமாகும். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை போனால், முழுதாகச் சார்ச் ஏறிய பற்றறியிலும் ஏறக்குறைய பாதி வலுதான் கிடைக்கும். அதே நேரம் இஞ்சின் ஒயில் தடித்துப்போவதால் இஞ்சினைச் சுற்றக் கூடிய வலு வேண்டும். கொடுப்பவனிடம் குறைய, கேட்பவன் கூடக் கேட்கிறான். அதனால்தான் கனடாவின் கடுங்குளிர்ப் பகுதிகளில் இஞ்சினுக்கே மின்சார ஹீற்றர் பூட்டி இரவில் பிளக்கில் செருகி விடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியலில் வழமையாக 22 பாகை அளவில் இருக்கும். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ மாடுகளைக் கொன்றது. அந்தக் கிழமைகூட ஒரு நல்ல பற்றறிக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. எங்கள் ஊரில் பற்றறியைக் கொல்வது சித்திரை, வைகாசி வெயில். பொனற்றுக்குக் கீழே வெந்து, உள்ளே தண்ணீர் வற்றி, ஈயத் தகடுகள் அரித்து ஏற்கெனவே அரை உயிராகக் கிடக்கும் பற்றறியை மாரி வந்து காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். மழைக்கு லைற், வைப்பர், கண்ணாடியில் படியும் புகாருக்கு ஏசி எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. ஓடுகிற தூரமோ வீட்டிலிருந்து ரியூசனுக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் மட்டும். அல்லது மழை என்று நாலைந்து நாள் காரை எடுப்பதே இல்லை. இதோடு ஈரமும் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்தால் கம்பி முனைகள் பூத்துப்போகும்.

ஆகவே மார்கழியில் கார் ஸ்ராட் வராவிட்டால் ‘குளிர்தானே, வெயில் ஏறினால் சரியாகும்’ என்று காத்திருப்பதில் பிரயோசனம் இல்லை. உடனே புதுப் பற்றறி வாங்க ஓடுவதும் தேவையில்லை. பாதித் தடவைக்கு மேல், காரே என்ன வருத்தம் என்று சொல்லும். கேட்கத் தெரிய வேண்டும்.

முதலில் காதைக் கொடுங்கள்

கராஜுக்கு ரெலிபோன் எடுக்கும் புதியவர்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“அண்ணை, கார் ஸ்ராட் வருதில்லை.”

“என்ன சத்தம் கேக்குது தம்பி?”

“சத்தமோ... தெரியேல்லை அண்ணை. வருதில்லை.”

“ஹோர்ணை ஒருக்கா அடிச்சுப் பாரும். லைற்றைப் போட்டிட்டுத் திரும்ப ஸ்ராட் பண்ணிப் பாரும். லைற் என்ன செய்யுது?”

இந்தக் கேள்விகளை நீங்களே உங்களிடம் கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. ரேடியோவை நிற்பாட்டி, ஏசியை நிற்பாட்டி, பின்னால் இருப்பவர்களையும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, பெரிய லைற்றைப் போட்டபடி திறப்பைத் திருப்புங்கள். நாலு விதமாகத்தான் நடக்கலாம்:

ஒன்று, எந்தச் சத்தமும் இல்லை. இரண்டு, ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடிக்கிறது, அல்லது இஞ்சின் ‘உர்ர்... உர்ர்...’ என்று களைத்துச் சுற்றுகிறது, லைற்றும் மங்குகிறது. மூன்று, லைற் மங்காமல் பளிச்சென்று நிற்க, ஒரே ஒரு ‘டக்’. நாலு, இஞ்சின் வழமையான வேகத்தில் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை.

இரண்டாவது என்றால் பற்றறி அல்லது அதன் கம்பிகள். மூன்றாவது பெரும்பாலும் இஞ்சினைச் சுற்றி எழுப்பும் ஸ்ராட்டர் மோட்டர். நாலாவது என்றால் பற்றறியை மறந்துவிடுங்கள். பெற்றோலோ பொறியோ காற்றோ போகவில்லை. முதலாவதுதான் பல காரணங்கள் உள்ளது, ஆனால் அதில் சில சிரிப்புக்கிடமானவை. அவற்றை முதலில் தீர்த்துவிடுவோம்.

ஒரு சத்தமும் இல்லாவிட்டால்

ஒட்டோ கியர் கார் என்றால் கியர் ‘பி’யில் இருக்கிறதா பாருங்கள். ‘டி’யில் விட்டபடி நிற்பாட்டிய காரில் ஸ்ராட்டருக்குக் கரண்ட் போகாது. ‘பி’யில் இருந்தும் வரவில்லை என்றால் பிறேக்கை நன்றாக மிதித்தபடி ‘என்’னுக்கு மாற்றி முயலுங்கள், ‘என்’னில் வந்துவிட்டால் கியருக்குக் கீழே உள்ள சுவிச்சில் பிழை. அதைக் கராஜில் ஆறுதலாகப் பார்க்கலாம்.

பட்டன் அமத்தி ஸ்ராட் பண்ணும் கார் என்றால் பிறேக் மிதிக்க வேண்டும். மெல்லமாக அல்ல, உறுதியாக. நிற்பாட்டிய காரில் பிறேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்தால் பெடல் கல்லாக இறுகும். அப்போது கால் பாரம் போதாமல் கார் ‘மிதிக்கவில்லை’ என்று நினைத்துக்கொள்ளும். பின்னுக்கு ஒருவரை நிற்க வைத்துப் பிறேக் லைற் எரிகிறதா என்று கேளுங்கள். எரியாவிட்டால் பிறேக் சுவிச் அல்லது பியூஸ்.

றிமோட்டுக்குள் இருக்கும் சின்னப் பற்றறி செத்தாலும் இதே நிலைதான். டாஷ்போட்டில் திறப்புப் படம் ஒன்று மினுங்கும். றிமோட்டைக் கையில் எடுத்து ஸ்ராட் பட்டனோடு முட்ட வைத்துக்கொண்டு, பிறேக்கை மிதித்துப் பட்டனை அமத்துங்கள். ரொயோட்டாவிலும் வேறு பல யப்பான் கார்களிலும் இது வேலை செய்யும். கதவைத் திறக்க றிமோட்டுக்குள்ளேயே ஒரு சின்ன இரும்புத் திறப்பு ஒளிந்திருக்கும். அதை இழுத்தெடுக்கும் வித்தையைப் பகலில், அவசரம் இல்லாத நேரத்தில் ஒருக்கால் பழகி வையுங்கள்.

இவை ஒன்றும் இல்லை, டாஷ்போட்டில் ஒரு வெளிச்சமும் வரவில்லை, ஹோர்ணும் அடிக்கவில்லை என்றால் பற்றறி முழுதாக இறங்கிவிட்டது, அல்லது கம்பி கழன்றுவிட்டது. பொனற்றைத் திறக்க வேண்டியதுதான்.

பொனற்றைத் திறந்ததும்

ரோச் லைற்றோடு நிதானமாகப் பாருங்கள். பற்றறியின் இரண்டு முனைகளிலும் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ மாப் போலப் பொருக்கு கட்டியிருக்கிறதா? குருநகர், நாவாந்துறை, காரைநகர், வேலணைப் பக்கக் கார்களிலும், ஒவ்வொரு நாளும் பண்ணைப் பாலத்தால் போய் வரும் கார்களிலும் இது சாதாரணம். அந்தப் பொருக்கு கரண்டைக் கடத்தாது. உள்ளே பற்றறி நன்றாகவே இருந்தாலும் ஸ்ராட்டர் கேட்கும் நூற்றுக்கணக்கான அம்பியர் அதைத் தாண்டிப் போகமாட்டாது. லைற்றுக்கும் ரேடியோவுக்கும் சில அம்பியர் போதும் என்பதால் அவை வேலை செய்யும். அதனால்தான் ‘லைற் எரியுது, பற்றறி நல்லாத்தான் இருக்கு’ என்று பலர் ஏமாறுகிறார்கள்.

கம்பி முனையைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பற்றறி முனையில் அது கொஞ்சமும் சுழலக் கூடாது. சுழன்றால் அதை இறுக்கி, ஆட்டி அழுத்திவிட்டு ஒரு தடவை ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். இவ்வளவிலேயே கார் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

ஆனால் அது தற்காலிகம். பகலில் ஒழுங்காகத் துப்புரவாக்க வேண்டும். அதற்கு 10ஆம் நம்பர் சாவி (ஸ்பானர்) ஒன்று, ஒரு பழைய பல்துலக்கும் பிறஷ், அப்பச்சோடா ஒரு மேசைக் கரண்டி, ஒரு கோப்பை சுடுதண்ணீர், கொஞ்சம் வசிலின். காப்பு, மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சாவி ஒரு முனையிலும் மோதிரம் மறு பக்கத்திலும் தட்டுப்பட்டால் விரல் வெந்துபோகும், பகிடி இல்லை. இஞ்சினை நிற்பாட்டித் திறப்பை வெளியே எடுத்த பிறகு முதலில் மைனஸ் கம்பியைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். இந்த ஒழுங்கு முக்கியம்: மைனஸ் காரின் உடம்போடு தொடுத்தது, அது பூட்டியிருக்கையில் பிளஸ் பக்கம் சாவி வழுக்கி இரும்பில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும்.

அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து முனைகளில் ஊற்றினால் புஸ் என்று நுரைக்கும். அசிட் அடங்குகிறது என்று அர்த்தம். நுரை நின்றதும் பிறஷ்ஷால் உரஞ்சி, நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, ஈயம் பளபளக்கும் மட்டும் உள்பக்கத்தைச் சுரண்டுங்கள். பற்றறி மூடிகளுக்குள் சோடாத் தண்ணீர் போகக் கூடாது. பூட்டும்போது முதலில் பிளஸ், கடைசியாக மைனஸ். இறுக்கிய பிறகு மேலே வசிலின் பூசிவிடுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மாரிக்கு முன்னும் மாரிக்குப் பின்னும் இதைச் செய்தால் போதும்.

மைனஸ் கம்பியின் மறு முனையையும் தேடிப் பாருங்கள். இஞ்சினிலோ பொடியிலோ ஒரு போல்ற்றில் பூட்டியிருக்கும். அங்கே கறள் பிடித்திருந்தாலும் இதே வருத்தம் வரும். பற்றறி மாற்றியும் சரிவராமல் கராஜ் கராஜாக அலையும் கார்களில் அடிக்கடி மறந்துபோகும் இடம் இதுதான்.

மூடி திறக்கக் கூடிய பற்றறி என்றால் உள்ளே தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். தகடுகள் வெளியே தெரியக் கூடாது. குறைந்திருந்தால் கடையில் போத்தலில் விற்கும் பற்றறித் தண்ணீர்தான் விட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். குடாநாட்டின் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது என்னவோ அதுதான் பற்றறித் தகட்டிலும் படியும். அசிட்டும் விட வேண்டாம். வற்றுவது தண்ணீர்தான், அசிட் அல்ல.

ஒரு மீற்றர் இருந்தால்

இலத்திரனியல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மல்ரிமீற்றர் ஒன்று வாங்கி டாஷ்போட் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். இதைப் போலப் பிரயோசனமான சாமான் வேறில்லை. 20 வோல்ற் டிசி அளவில் வைத்து, இரவு முழுக்க நின்ற காரின் பற்றறி முனைகளில் தொட்டுப் பாருங்கள். 12.6 காட்டினால் முழுச் சார்ச். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் அது ஸ்ராட்டருக்கு உதவாது.

பிறகு ஒருவரை ஸ்ராட் பண்ணச் சொல்லிவிட்டு எண்ணையே பாருங்கள். 12.6 காட்டிய பற்றறி, ஸ்ராட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் உள்ளே தகடுகள் போய்விட்டன. ஓய்வில் நல்ல எண் காட்டி, பாரம் ஏற்றியதும் விழும் இப்படிப்பட்ட பற்றறிகள்தான் புதியவர்களை அதிகம் ஏமாற்றும்.

கார் ஓடிக்கொண்டிருக்கையில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால், ஓடும்போது பற்றறிக்குச் சார்ச் ஏற்றும் அல்டனேற்றரோ அதைச் சுற்றும் பெல்ற்றோ பிழை. எத்தனை புதுப் பற்றறி போட்டாலும் இறங்கத்தான் செய்யும். சில புது யப்பான் கார்களில் பெற்றோலை மிச்சம் பிடிக்க அல்டனேற்றர் இடைக்கிடை ஓய்வெடுக்கும். பெரிய லைற்றைப் போட்டு, கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மீற்றர் இல்லாத காலத்தில், கார் ஓடும்போதே பற்றறிக் கம்பியைக் கழற்றி ‘நிக்குதா, ஓடுதா’ என்று சார்ச் ஏறுவதைச் சோதிப்பார்கள். மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் ஏ40க்கும் அது சரி. கொம்பியூட்டர் உள்ள காரில் அப்படிக் கழற்றினால் வோல்ற் ஒரேயடியாக எகிறி, பற்றறியை விடப் பல மடங்கு விலையான பெட்டியைச் சுட்டுவிடும். வயதான, அனுபவசாலியான ஒருவர் சாவியோடு கிட்ட வந்தாலும் மரியாதையாக ‘வேண்டாம் ஐயா’ என்று சொல்லிவிடுங்கள்.

ஜம்பர் வயர் போடுவது

பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து கரண்ட் எடுக்கலாம். இரண்டும் 12 வோல்ற்றாக இருக்க வேண்டும். லொறி என்றால் 24 வோல்ற்றாக இருக்கலாம், அதில் எடுக்காதீர்கள். வயர் தடிப்பாக இருக்க வேண்டும். வெளியே பிளாஸ்ரிக் தடித்து உள்ளே செம்பு மெலிந்த மலிவான வயர்கள் விற்கின்றன. அவை சூடாகுமே தவிர ஸ்ராட்டரைச் சுற்றாது.

கார்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. இரண்டையும் நிற்பாட்டி, லைற் எல்லாம் நூர்த்துவிட்டு:

1. சிவப்பின் ஒரு முனை, செத்த பற்றறியின் பிளஸ்.
2. சிவப்பின் மறு முனை, நல்ல பற்றறியின் பிளஸ்.
3. கறுப்பின் ஒரு முனை, நல்ல பற்றறியின் மைனஸ்.
4. கறுப்பின் கடைசி முனை, செத்த காரின் இஞ்சினில் பூச்சில்லாத இரும்பில், பற்றறிக்குத் தூரமாக.

நாலாவதை ஏன் பற்றறியில் பூட்டக் கூடாது என்றால், கடைசித் தொடுப்பில் பொறி பறக்கும். பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு கசியும். இரண்டும் சந்தித்தால் பற்றறி வெடித்து அசிட் முகத்தில் அடிக்கும். அந்த நேரம் பக்கத்தில் யாரும் சிகரெட்டோடு நிற்கவும் கூடாது. தவறி அசிட் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நல்ல காரை ஸ்ராட் பண்ணி ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். பிறகு மற்றதை முயலுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள்; ஒரு நிமிடம் ஆற விட்டுத் திரும்ப. விடாமல் சுற்றினால் ஸ்ராட்டர் எரிந்துபோகும், அதுவரை ஒரு செலவாக இருந்தது இரண்டாகும். பிடித்ததும் பூட்டியதற்கு எதிர் ஒழுங்கில் கழற்றுங்கள்: நாலு, மூன்று, இரண்டு, ஒன்று.

அதன் பிறகு நிற்பாட்ட வேண்டாம். வீட்டு முற்றத்தில் உறும விட்டால் சார்ச் ஏறுவது மிகக் குறைவு. அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். காங்கேசன்துறை வீதியால் கீரிமலை மட்டும் போய் வந்தால் கணக்காக இருக்கும். அப்படியும் முழுச் சார்ச் ஏறாது. அடுத்த ஸ்ராட்டுக்குப் போதும் என்ற அளவுதான். கராஜில் சார்ச்சரில் போட்டால்தான் முழுதாக ஏறும்.

தள்ளி ஸ்ராட் பண்ணுவது பற்றி: மனுவல் கியர் காரில் மட்டும். திறப்பை ஒன் பண்ணி, கிளச்சை மிதித்து, இரண்டாம் கியரில் போட்டு, வேகம் எடுத்ததும் கிளச்சைச் சட்டென்று விட வேண்டும். பழைய அல்ரோ, மாருதிகளுக்கு நன்றாக வேலை செய்யும். டாஷ்போட் லைற்றே வராத அளவுக்குப் பற்றறி இறங்கியிருந்தால் தள்ளியும் பயனில்லை; பெற்றோல் பம்பும் கொம்பியூட்டரும் ஓடக் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். ஒட்டோ கியர் காரைத் தள்ளினால் தள்ளுபவருக்கு வியர்க்கும், அவ்வளவே.

ஒரே ஒரு ‘டக்’

லைற் மங்காமல் ஒரே ‘டக்’ என்றால், ஒருவர் திறப்பைப் பிடித்திருக்க இன்னொருவர் ஸ்ராட்டர் மோட்டரின் உடம்பில் ஒரு கட்டையால் மெல்லத் தட்டுங்கள். கார்பன் பிறஷ் தேய்ந்திருந்தால் இந்தத் தட்டலில் எழும்பிச் சுற்றும். கியர் நியூட்ரலில், ஹாண்ட் பிறேக் போட்டபடி. வந்துவிட்டால் நேரே கராஜுக்கு; இது ஒரு நாள், இரண்டு நாள் வித்தைதான்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

பெற்றோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று நின்று, கியூஆர் பங்கீட்டில் அளந்து அளந்து அடித்த பழக்கத்தில் இன்றும் முள் சிவப்பில் தொட்டபடி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய கார்களில் அந்த மீற்றர் முள் பொய்யும் சொல்லும்.

திறப்பை ஒன் நிலைக்குத் திருப்பி, ஸ்ராட் பண்ணாமல், பின் ஆசனப் பக்கம் காதை வையுங்கள். பல கார்களில் பெற்றோல் பம்ப் இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று ஓடி நிற்கும். கேட்கவில்லை என்றால் பம்ப் பியூஸையும் றிலேயையும் பார்க்க வேண்டும். பியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எது எதற்கென்று படம் இருக்கும். பியூஸ் எரிந்திருந்தால் அதே அம்பியர் எண் உள்ளதைத்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிச் செருகும் ஊர் வழக்கம் வயரிங்கை எரிக்கும் வழக்கம்.

டாஷ்போட்டில் பூட்டோ திறப்போ படம் வேகமாக மினுங்கினால் கார் திறப்பை அடையாளம் காணவில்லை. மற்றத் திறப்பை எடுத்து முயலுங்கள்.

தொண்ணூறுகளில் வந்த லான்சர், கொறொல்லா போன்ற, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டர் உள்ள கார்களில் மாரி ஈரம் பெரிய பிரச்சினை. பிளக் வயர்கள் வந்து சேரும் அந்த மூடியைக் கழற்றி உள்ளே காய்ந்த துணியால் துடைத்துப் பூட்டினால் பெரும்பாலும் பிடிக்கும். பிளக் வயரில் வெடிப்பு இருந்தால் இருட்டில் பொனற்றைத் திறந்து ஒருவரை ஸ்ராட் பண்ணச் சொல்லிப் பாருங்கள். நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கை வைக்க வேண்டாம்.

விடாமல் முயன்று முயன்று பெற்றோல் மணம் அடிக்கிறதா? பிளக் நனைந்துவிட்டது. இன்ஜெக்ஷன் காரில் அக்சிலேற்றரை அடிமட்டும் மிதித்தபடி ஐந்து விநாடி சுற்றுங்கள். அப்போது கார் பெற்றோலை நிறுத்தி வெறும் காற்றை விடும். பழைய காபிறேற்றர் காரிலும் அதே. சோக்கை மட்டும் உள்ளே தள்ளிவிடுங்கள்.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆக்கி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. அந்தக் கைவேலை தெரிந்த பெரியவர்கள் இன்றும் காற்றுக் குழாய்க்குள் பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணத் துணிவார்கள். இன்ஜெக்ஷன் காரில் அது நெருப்பு விளையாட்டு. விட வேண்டாம்.

எலியும் அணிலும்கூடச் சந்தேக நபர்கள். மாரியில் ஈரத்துக்கு ஒதுங்க இடம் தேடி, சூடாறாத இஞ்சினுக்குள் ஏறும். கிடுகுக் கொட்டிலுக்குள்ளோ வைக்கோல் போருக்குப் பக்கத்திலோ நிற்கும் காரில் கொறித்த வயர் துண்டுகளும் எச்சமும் கிடந்தால் காரணம் வேறு தேட வேண்டாம். விடியக் காலையில் ஸ்ராட் பண்ண முன் பொனற்றில் இரண்டு தட்டுத் தட்டுவதும் நல்லது. உள்ளே பூனை படுத்திருந்தால் இறங்கி ஓடும்.

டீசல் வான்காரருக்கு ஒரு வசனம்: ஹயஸ் போன்றவற்றில் திறப்பை ஒன் பண்ணியதும் சுருள் படம் ஒன்று எரியும். அது நூரும் மட்டும் பொறுத்து ஸ்ராட் பண்ணுங்கள். யாழ்ப்பாணத்தில், ஸ்ராட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீற்றர் பிளக் ஒன்றிரண்டு செத்திருந்தாலும் தெரியாது. தை மாதத்தில் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய் விடிய எழும்பும்போதுதான் தெரியும். மலைநாட்டுக்கு வெளிக்கிட முன் அதையும் பற்றறியையும் பார்த்துவிடுங்கள்.

வெள்ளத்துக்குள் நின்ற கார்

இது ஒன்றில் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்யக் கூடாது. 2024 நவம்பர் கடைசியில் குடாநாட்டில் வந்த வெள்ளம் போல ஒன்றில் ஓட்டிக்கொண்டு போய்க் கார் நின்றுவிட்டால், அல்லது நிறுத்திய காரைச் சுற்றிச் சில்லின் நடுவுக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால், திறப்பில் கை வைக்காதீர்கள். காற்றுக் குழாயால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. ஒரே ஒரு சுற்றில் கனெக்ரிங் றொட் வளைந்துவிடும். பிறகு இஞ்சின் முழுதையும் இறக்க வேண்டும். எயர் ஃபில்ரர் பெட்டியைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் பற்றறி மைனஸைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்சூரன்ஸ்காரருக்கும் அப்போதே சொல்லி, தண்ணீர் நின்ற மட்டத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

அக்குவா, பிறியஸ், வெசல் வைத்திருப்போருக்கு

முதலாவது, ஹைபிறிட் கார் ஸ்ராட் வந்தாலும் சத்தம் போடாது. ‘றெடி’ என்று லைற் எரிந்தால் வந்துவிட்டது. திரும்பத் திரும்பப் பட்டனை அமத்தி நிற்பாட்டிக்கொண்டு ‘வருதில்லை’ என்று ரெலிபோன் எடுக்க வேண்டாம். இரண்டாவது, இவற்றிலும் ஒரு சின்ன 12 வோல்ற் பற்றறி உண்டு. பெரிய பற்றறியில் எவ்வளவு சார்ச் இருந்தாலும் இது இறங்கினால் கார் எழும்பாது. ரொயோட்டா அக்குவாவில் அது பின் ஆசனப் பக்கம் இருக்கும். ஜம்பர் போடுவதற்கென்று காரின் முன்பக்கம் பொனற்றுக்குக் கீழே பியூஸ் பெட்டிக்குள் தனியாக ஒரு பிளஸ் முனை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஹைபிறிட்டிலிருந்து மற்றவர் காருக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். கேட்பவர் கோபித்தாலும் பரவாயில்லை. செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவும் வேண்டாம். அது உயர் வோல்ற்.

பூட்டிக் கிடக்கும் கார்கள்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் ஓடவென்று வாங்கி, மிச்ச நாளெல்லாம் உறை போட்டு மூடிய கார்கள் ஊரில் நிறைய. அலாரமும் டாஷ் கமராவும் கொம்பியூட்டரும் துளித்துளியாகப் பற்றறியைக் குடித்துக்கொண்டே இருக்கும். முழுதாக இறங்கிய நிலையில் கிழமைக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேற் இறுகி, பிறகு சார்ச் ஏறாது. மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் மைனஸைக் கழற்றி வையுங்கள். அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் கிழமைக்கு ஒருக்கால் அரை மணித்தியாலம் ஓட்டச் சொல்லுங்கள். ‘ஒவ்வொரு நாளும் ரண்டு நிமிசம் ஸ்ராட் பண்ணி நிப்பாட்டுறன்’ என்று அப்பா சொன்னால் அன்போடு தடுத்துவிடுங்கள். ஸ்ராட்டர் எடுக்கும் கரண்டை அந்த இரண்டு நிமிடம் திருப்பிக் கொடுக்காது.

புதுப் பற்றறிதான் வேண்டும் என்றால்

எங்கள் வெயிலுக்கு இரண்டு மூன்று வருடம் தாண்டிய பற்றறியைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வாங்கும்போது பழையதன் அளவையும், பிளஸ் எந்தப் பக்கம் என்பதையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்; பக்கம் மாறினால் கம்பி எட்டாது, எட்ட இழுத்தால் பிழையாகப் பூட்டுவீர்கள். செய்த திகதியைக் கேளுங்கள். கடைத் தட்டில் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்தது என்றால் வேறு கேளுங்கள். வாங்க முன் மீற்றரை வைத்துப் பாருங்கள், 12.4க்குக் குறைந்தால் சார்ச் பண்ணித் தரச் சொல்லுங்கள். உத்தரவாத அட்டையில் திகதியும் கடை முத்திரையும் விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பழைய பற்றறியில் ஈயம் இருக்கிறது, அதற்கு விலை உண்டு. கழித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலான கடைகள் கழிப்பார்கள். பூட்டி முடிந்ததும் அங்கேயே காரை ஓட விட்டு, அல்டனேற்றர் எத்தனை வோல்ற் கொடுக்கிறது என்று பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.